கோழித் தீனியில் மரபணு: அச்சத்துக்கு விலை கொடுக்கும் முன் ஒரு கணக்கு

கடந்த மாரி மழைக் காலத்தில் ஓர் இரவு, பத்து மணி கடந்திருக்கும், குருநாகல் மாவட்டத்தில் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருக்கும் என் மச்சான் தொலைபேசியில் அழைத்தார். என் மனைவியின் தம்பி அவர். 1500 கோழிகள், வங்கிக் கடன், இரண்டு வேலையாட்கள். அவ்வளவுதான் அவருடைய வியாபாரம்.

"மச்சான், ரெண்டு கிழமையா முட்டை கொறஞ்சிட்டே வருது. இன்டைக்கு மட்டும் பதினொரு கோழி செத்திருக்கு. தீனி ஏஜன்ட் ஒருத்தர் வந்து பார்த்திட்டு, இது சோயாவுல உள்ள மரபணு மாத்தின சாமான்ட வேலைன்டு சொல்றார். மரபணு மாத்தாத சோயா அவர்கிட்ட இருக்காம். கிலோவுக்குப் பதினெட்டு ரூபா கூட. நாளைக்கே ஓடர் குடுக்கட்டா?"

"ஏஜன்ட் ஏதாவது கடதாசி காட்டினாரா?" என்று கேட்டேன். காட்டியிருக்கிறார். ஒரு துண்டுப் பிரசுரம். அதைக் கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினார். உடம்பில் பெரிய பெரிய கட்டிகளுடன் மூன்று வெள்ளெலிகள். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கிப் போனது. காரணம், 2012ஆம் ஆண்டின் இறுதியில் அதே படத்தைக் கையில் வைத்துக் கொண்டு ஒரு பண்ணையாளர் கூட்டத்தில் பேசியவன் நான்தான்.

அன்று என் பேச்சைக் கேட்ட ஒரு வயதான பண்ணையாளர் அடுத்த கிழமையே சோயாவை நிறுத்திவிட்டுத் தேங்காய்ப் புண்ணாக்கையும் தவிட்டையும் கூட்டினார். தீனியில் புரதம் குறைந்தது, முட்டையும் குறைந்தது. மூன்று மாதத்தில் கோழிகளை இறைச்சிக்கு வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். அவர் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்குப் பெரிய பாரம். எனவே மச்சானிடம் "நாளைக்கு ஓடர் குடுக்க வேணாம். முதல்ல மிருக வைத்தியரக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, இந்த விடயத்தில் நான் பின்னர் படித்தறிந்தவற்றை ஒழுங்குபடுத்தி எழுதத் தீர்மானித்தேன். பண்ணை வைத்திருக்கும், தீனிக் கடை நடத்தும், இறைச்சிக் கடை நடத்தும் வாசகர்கள் அனைவருக்கும் இது தேவையானது.

மரபணு மாற்றிய தீனி என்றால் என்ன?

மரபணு மாற்றப்பட்ட சோயாவும் சோளமும் 1996ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வர்த்தக ரீதியாகப் பயிரிடப்படத் தொடங்கின. இவற்றில் இரண்டு குணங்களே பிரதானமானவை. ஒன்று, கிளைபொசேட் போன்ற களைநாசினியைத் தாங்கும் குணம். மற்றது, பூச்சிப் புழுவைக் கொல்லும் ஒரு புரதத்தைப் பயிரே உற்பத்தி செய்து கொள்ளும் குணம். இரண்டாவது வகையை 'பிற்றி' சோளம் என்பர். இந்தப் புரதத்துக்கான மரபணு மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவிலிருந்து எடுக்கப்பட்டது.

இன்று அமெரிக்காவில் விளையும் சோயாவிலும் சோளத்திலும் நூற்றுக்கு 90 வீதத்துக்கு மேற்பட்டது மரபணு மாற்றப்பட்டதே. ஆர்ஜென்டீனாவின் சோயாவும் ஏறத்தாழ முழுவதும் அவ்வாறானதே. உலகில் விளையும் சோயாவில் சுமார் முக்கால் பங்கு கால்நடைகளின் வயிற்றுக்கே போகிறது. எனவே மரபணு மாற்றப் பயிரை அதிகம் உண்பது மனிதனல்ல. கோழியும், மாடும், பன்றியும், பண்ணை மீனும்தான். இதனால் தீங்கு ஏதும் உண்டென்றால் அது முதலில் தெரிய வேண்டிய இடமும் பண்ணைதான்.

நமது நாட்டுக் கோழித் தீனிக்குத் தேவையான சோயாப் புண்ணாக்கில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. இந்தியாவில் மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட அனுமதியில்லை. ஆனால் அந்த இந்தியாவே 2021இல் தீனி விலை ஏறிக் கோழிப் பண்ணையாளர்கள் தவித்தபோது, மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கு 12 இலட்சம் தொன்னை இறக்குமதி செய்ய இடமளித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கட்டி வந்த எலிகள்

துண்டுப் பிரசுரத்தில் இருந்த படத்தின் கதை இதுதான். பிரான்ஸ் நாட்டின் கான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கில்ஸ்-எரிக் செராலினியும் அவரது குழுவினரும் 2012 செப்டெம்பரில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டனர். 'என்கே 603' என்ற களைநாசினி தாங்கும் சோளத்தையும், களைநாசினியையும் 200 எலிகளுக்கு இரண்டு வருடங்கள் கொடுத்துப் பார்த்ததாகவும், அவற்றில் கட்டிகளும் ஈரல், சிறுநீரகப் பாதிப்புக்களும் கூடுதலாகக் காணப்பட்டதாகவும் அது கூறியது. படங்கள் உலகெங்கும் பரவின. நானும் நம்பினேன்.

நான் கவனிக்காமல் விட்டவை எவை? முதலாவது, அந்த 200 எலிகளும் இருபது சிறு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரு தொகுதிக்குப் பத்து எலிகள் மாத்திரமே. சாதாரண சோளம் தின்ற ஒப்பீட்டு எலிகள் ஆண் பத்து, பெண் பத்து, மொத்தம் இருபது. இரண்டு வருடப் புற்றுநோய் ஆய்வுக்குத் தொகுதி ஒன்றில் ஒரு பாலுக்கு 50 எலிகளாவது இருக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். இரண்டாவது, பயன்படுத்தப்பட்ட எலி இனம் வயதாகும்போது எதைத் தின்றாலும் கட்டி வரும் இயல்புடையது. சாதாரண சோளம் தின்ற எலிகளிலும் கட்டி வந்திருந்தது. அவற்றின் படத்தை எவரும் பிரசுரிக்கவில்லை. மூன்றாவது, நஞ்சு என்றால் கூடுதலாகத் தின்றவைக்குக் கூடுதல் கேடு வர வேண்டும். இங்கே கூடுதலாகத் தின்ற சில ஆண் எலித் தொகுதிகளில் இறப்பு, ஒப்பீட்டுத் தொகுதியை விடக் குறைவாக இருந்தது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2012 நவம்பரில் இந்த ஆய்விலிருந்து முடிவுக்கு வர இயலாது எனத் தெரிவித்தது. 2013 நவம்பரில் அதனை வெளியிட்ட சஞ்சிகையே அக்கட்டுரையை மீளப் பெற்றுக் கொண்டது. மோசடி ஏதும் காணப்படவில்லை, ஆனால் எலிகளின் தொகையையும் இனத்தையும் வைத்து உறுதியான முடிவுக்கு வர முடியாது என்பதே ஆசிரியர் கூறிய காரணம். 2014இல் அதே ஆய்வு வேறொரு சஞ்சிகையில் மீண்டும் வெளியானது.

ஒரு படம் ஒரு நாட்டுக்கு வைத்த விலை

வியாபாரப் பக்கம் என்பதால் இதனையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வு வெளிவந்த இரண்டு மாதங்களுக்குள், 2012 நவம்பரில், கென்யா மரபணு மாற்றிய உணவுப் பொருட்களின் இறக்குமதியைத் தடை செய்தது. தடைக்குக் காட்டப்பட்ட காரணங்களில் இந்த எலி ஆய்வும் ஒன்று. கட்டுரை மீளப் பெறப்பட்ட பின்னரும் தடை அப்படியே இருந்தது. பத்து வருடங்கள் கழித்து, நாற்பது வருடங்களில் காணாத வரட்சி வந்து மனிதருக்கும் கால்நடைக்கும் சோளம் இல்லாமற் போனபோது, 2022 ஒக்டோபரில் அந்நாட்டு அமைச்சரவை தடையை நீக்கத் தீர்மானித்தது. அதன் பின்னரும் விடயம் நீதிமன்றம் வரை சென்றது. அச்சம் ஒரு நாளில் வந்துவிடும். அது போவதற்குப் பத்து வருடம் எடுக்கும்.

மீண்டும் செய்து பார்த்தார்கள்

செராலினியின் ஆய்வை வெறுமனே குறை சொல்லிவிட்டு ஐரோப்பா நிற்கவில்லை. அந்த ஆய்வு எழுப்பிய கேள்வியைச் சரியான முறையில் கேட்டுப் பார்க்கப் பொதுப் பணத்தைச் செலவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த 'ஜி-ருவிஸ்ற்' என்ற திட்டம் அதே 'என்கே 603' சோளத்தை எலிகளுக்கு இரண்டு வருடங்கள் கொடுத்தது. இம்முறை புற்றுநோய்ப் பகுதிக்கு ஒரு தொகுதியில் பால் ஒன்றுக்கு 50 எலிகள். 'கிறேஸ்' என்ற இன்னொரு திட்டம் 'மொன் 810' என்ற பிற்றி சோளத்தை ஒரு வருடம் வரை கொடுத்தது. பிரான்ஸ் அரசின் நிதியில் நடந்த மூன்றாவது ஆய்வு ஆறு மாதங்கள் நீடித்தது. 2018ஆம் ஆண்டளவில் மூன்றினதும் முடிவுகள் வெளிவந்துவிட்டன. மரபணு மாற்றிய சோளத்தால் எலிகளுக்குத் தீங்கு நேர்ந்ததாக மூன்றில் ஒன்றும் காணவில்லை.

இதற்கு முன்னரே, 2012இல், 24 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு ஒன்றும் வெளிவந்திருந்தது. அவற்றில் பன்னிரண்டு 90 நாட்கள் முதல் இரண்டு வருடம் வரை நீடித்தவை. ஏனைய பன்னிரண்டு, தாய், குட்டி, பேரக்குட்டி என இரண்டு முதல் ஐந்து தலைமுறை வரை பார்த்தவை. அங்கும் நோய்க்கான அடையாளம் இல்லை என்பதே முடிவு.

பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட விலங்குகள்

எலிக் கூண்டில் நடப்பது ஒன்று, பண்ணையில் நடப்பது வேறு என்று சொல்பவர்களுக்கும் பதில் உண்டு. அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் விலங்கு விஞ்ஞானி அலிசன் வான் ஈனன்நாம், தமது சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 2014இல் ஒரு பெரிய கணக்கைப் பார்த்தார். 1983 முதல் 2011 வரை அமெரிக்காவின் கால்நடைப் புள்ளிவிபரங்களை எடுத்தனர். 1996க்கு முன் மரபணு மாற்றிய தீனி இல்லை. 2000க்குப் பின் தீனியின் பெரும்பகுதி அதுவே. இந்த இரு காலங்களையும் ஒப்பிட்டனர். கணக்கில் வந்த விலங்குகள் 100 பில்லியனுக்கு மேல், அதாவது நமது கணக்கில் பத்தாயிரம் கோடிக்கு மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை கோழிகள்.

மரபணு மாற்றிய தீனி புகுந்த பின் இறப்பு கூடியிருந்தால், அறுவைச் சாலையில் பரிசோதகர் நோயுற்றதென ஒதுக்கும் கோழிகளின் வீதம் கூடியிருந்தால், ஒரு கிலோ இறைச்சிக்குத் தேவையான தீனி கூடியிருந்தால், இந்தக் கணக்கில் அது தெரிந்திருக்க வேண்டும். பாதகமான மாற்றம் எதுவும் தெரியவில்லை. பண்ணையாளருக்குத் தெரியும், தீனியில் சிறு கோளாறு இருந்தாலும் கோழி மறுநாளே முட்டையில் காட்டிவிடும். இருபது வருடம் ஒளித்து வைக்காது.

பன்றிகளின் வயிறு

எதிரான ஆய்வையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2013இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் ஜூடி கார்மனும் குழுவினரும் 168 பன்றிகளை இரு தொகுதிகளாக்கி, பிறந்து பால் மறந்த நாள் முதல் அறுக்கும் வரை சுமார் ஐந்து மாதம், ஒரு தொகுதிக்கு மரபணு மாற்றிய சோயா, சோளத்தையும் மற்றதற்குச் சாதாரணமானதையும் கொடுத்தனர். கடுமையான வயிற்று அழற்சி முதல் தொகுதியில் 32 வீதம், இரண்டாம் தொகுதியில் 12 வீதம் என அறிவித்தனர். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அழற்சியை அவர்கள் வயிற்றின் சிவப்பு நிறத்தைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தனர். நுணுக்குக்காட்டியில் இழையத்தை வைத்துப் பார்க்கவில்லை. அழற்சி இல்லாதவை, இலேசானவை, நடுத்தரமானவை என்ற பிரிவுகளில் எதிர்மாறான போக்கே தெரிந்தது. இறப்பு இரு பக்கமும் 13, 14 வீதம், வித்தியாசம் இல்லை. பல விடயங்களை அளந்து, அவற்றில் ஒன்றிரண்டு மட்டும் வேறுபட்டால் அது தற்செயலாகவும் இருக்கலாம். வேறு குழுவினர் செய்து அதே முடிவைக் காணும்வரை ஓர் ஆய்வைக் கேள்வியாக எடுக்கலாம், தீர்ப்பாக எடுக்க முடியாது.

கோழியின் வயிற்றில் நடப்பது என்ன?

பலருக்கும் உள்ள பயம், மாற்றிய மரபணு கோழிக்குள் புகுந்து, கோழியிலிருந்து நமக்குள்ளும் புகுந்துவிடும் என்பது. நாம் உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் மரபணு இருக்கிறது. சோற்றிலும் இருக்கிறது, மீனிலும் இருக்கிறது. சமிபாட்டில் அவை துண்டு துண்டாக உடைக்கப்படுகின்றன. தாவர மரபணுவின் மிகச் சிறிய துண்டுகள் கோழியின் இழையங்களில் கண்டெடுக்கப்பட்டுள்ளன என்பது உண்மை. அது சாதாரண சோளத்துக்கும் பொதுவானது. முழு மரபணுவாகப் போய் ஒட்டி வேலை செய்ததாகக் காணப்படவில்லை.

பிற்றி புரதமும் அவ்வாறே. புழுவின் குடல் காரத் தன்மையுடையது. அந்தக் குடற் சுவரில் இப்புரதம் பற்றிக் கொள்வதற்கான இடமும் உண்டு. அதனால் புழு சாகிறது. கோழிக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் அந்த இடம் கிடையாது. வயிற்று அமிலத்தில் ஏனைய புரதங்களைப் போல இதுவும் கரைந்து போகிறது.

அப்படியானால் கம்பனிகளை நம்பி விடலாமா?

அதுவும் இல்லை. 'ஸ்டார்லிங்க்' சோளத்தின் கதையைப் பாருங்கள். மனிதருக்கு ஒவ்வாமை வரலாமோ என்ற ஐயத்தால் இந்தப் பிற்றி சோளத்துக்கு 1998இல் அமெரிக்காவில் விலங்குத் தீனிக்கு மாத்திரம் அனுமதி கொடுக்கப்பட்டது. 2000 செப்டெம்பரில் அது மனிதர் உண்ணும் சோள அடைகளில் கண்டுபிடிக்கப்பட்டது. 300க்கும் மேற்பட்ட உணவுப் பொருட்கள் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டன. தங்களுக்கு ஒவ்வாமை வந்ததாக முறையிட்டவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது அந்தப் புரதத்தால் வந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் ஒரு களஞ்சியத்தில் ஒரு தானியத்தைத் தனியாக வைத்திருப்பதாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்பது வெளிப்பட்டது.

2017இல் அமெரிக்க நீதிமன்ற வழக்குகளின் ஊடாக மொன்சான்டோ கம்பனியின் உள் ஆவணங்கள் வெளிவந்தன. செராலினியின் கட்டுரையை மீளப் பெற்ற சஞ்சிகை ஆசிரியருக்கும் அந்தக் கம்பனிக்கும் இடையே ஆலோசனை ஒப்பந்தம் இருந்தமை அவற்றில் தெரிய வந்தது. எனவேதான் பொதுப் பணத்தில் நடந்த ஐரோப்பிய ஆய்வுகளை நான் கூடுதலாக மதிக்கிறேன்.

களைநாசினி வேறு கேள்வி. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2015 மார்ச்சில் கிளைபொசேட்டை மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியதாக இருக்கலாம் என்று வகைப்படுத்தியது. அதே வருடம் நவம்பரில் ஐரோப்பிய அதிகார சபை அதற்கு வாய்ப்பில்லை என்றது. சிறுநீரக நோய் அச்சத்தால் நமது நாடும் 2015இல் அதனைத் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியதை வாசகர்கள் அறிவீர்கள். அது மருந்து தெளிப்பவரின் கையையும் எச்சத்தின் அளவையும் பற்றிய விவாதம். மரபணு பற்றிய விவாதத்துடன் அதனைக் குழப்பக் கூடாது.

பன்றி மரபணு என்ற பேச்சு

சோயாவில் பன்றியின் மரபணு இருக்கிறதாமே என்று என்னிடம் பலர் கேட்டுள்ளனர். தீனிக்காகப் பரவலாக விற்கப்படும் மரபணு மாற்றிய சோயாவிலும் சோளத்திலும் புகுத்தப்பட்ட களைநாசினி தாங்கும் மரபணுவும் பிற்றி மரபணுவும் மண் பற்றீரியாக்களிலிருந்து எடுக்கப்பட்டவை, பன்றியிலிருந்து அல்ல. ஆனால் பேச்சு முழுவதும் வெறும் கதையும் அல்ல. பன்றியின் புரதத்தை விதைக்குள் உற்பத்தி செய்யும் சோயா ஒன்றை ஒரு கம்பனி உருவாக்கி, 2024 ஏப்ரலில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது. அது இறைச்சிக்குப் பதிலாக மனித உணவில் சேர்ப்பதற்கென உருவாக்கப்பட்டது. இவை பற்றிய மார்க்கத் தீர்ப்பு உலமாக்களின் துறை. வியாபாரியின் கடமை, எந்த விதை, எந்த நாடு என்பதைக் கேட்டுத் தெரிந்து, வாங்குபவருக்கு மறைக்காமல் சொல்வது. நமது நாட்டில் மரபணு மாற்றிய உணவுக்கான இறக்குமதி, சுட்டுத்துண்டு ஒழுங்குவிதிகள் 2006இல் ஆக்கப்பட்டு 2007 முதல் நடைமுறைக்கு வந்தன. அவை மனித உணவுக்கானவை. விலங்குத் தீனியை ஆள்வது 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம்.

மச்சானின் கோழிகளைக் கொன்றது எது?

மறுநாள் அரச மிருக வைத்தியர் வந்து இறந்த கோழிகளில் மூன்றை அறுத்துப் பார்த்தார். மூன்றிலும் ஈரல் வீங்கி, வெளிறி, மஞ்சள் நிறமாக இருந்தது. வைத்தியர் சோயாவைப் பார்க்கக் கேட்கவில்லை. சோளத்தைக் காட்டுங்கள் என்றார்.

மழைக்கு முன் மலிவாகக் கிடைத்தது என்று மச்சான் 60 மூட்டை சோளம் வாங்கி அடுக்கியிருந்தார். சீமெந்துத் தரையில், சுவரோடு ஒட்டி. கூரையில் ஓர் ஓடு விலகியிருந்தது. அடி மூட்டைக்குள் கையை விட்டால் சூடு தெரிந்தது. மணிகளில் பச்சை கலந்த பூஞ்சணம். "இதை இந்த நிமிஷமே நிறுத்துங்க" என்றார் வைத்தியர். மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போனது. இரண்டு கிழமையில் முடிவு வந்தது. அஃப்ளடொக்சின் அனுமதிக்கப்பட்ட அளவை விடப் பல மடங்கு கூடுதல்.

இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரிய வந்ததே ஒரு பண்ணைத் துயரத்தின் மூலம்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. பெயர் தெரியாத நோய் என்பதால் 'வான்கோழி எக்ஸ்' நோய் என்றார்கள். தேடிப் பார்த்ததில், பிறேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த ஒரு பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் என்று தெரிந்தது. அப்போது மரபணு மாற்றிய பயிர் எதுவும் உலகில் இல்லை. இந்த நஞ்சு மனிதருக்கு ஈரல் புற்றுநோயைத் தரும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. மாடு தின்றால் பாலிலும் இறங்கும்.

இன்னொரு செய்தி. புழு துளைத்த சோளத்தில் பூஞ்சணம் இலகுவாகப் புகும். பிற்றி சோளத்தைப் புழு துளைப்பது குறைவு. 1996 முதல் 2016 வரையான தரவுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வொன்று, மரபணு மாற்றிய சோளத்தில் பூஞ்சண நஞ்சுகள் 28.8 வீதமும், அவற்றில் பியூமோனிசின் என்ற நஞ்சு 30.6 வீதமும் குறைவு என்று கண்டது. பியூமோனிசின் குதிரைக்கு மூளையையும் பன்றிக்கு நுரையீரலையும் கெடுக்கும் நஞ்சு. ஆக, எதனைக் கண்டு நாம் பயந்தோமோ அது சில வேளை தீனியைச் சுத்தமாக்கியும் இருக்கிறது. ஆனால் களஞ்சியத்தில் ஓடு ஒழுகினால் எந்த விதையும் காப்பாற்றாது.

இப்போது கணக்குக்கு வருவோம்

ஒரு முட்டைக் கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீனி தின்னும். 1500 கோழிக்கு 165 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு சோயா என்றால் 33 கிலோ. கிலோவுக்கு 18 ரூபா கூட என்றால் நாளொன்றுக்கு 594 ரூபா, மாதத்துக்கு ஏறத்தாழ 17,800 ரூபா. முட்டையொன்றின் செலவில் சுமார் 50 சதம் கூடும். இவ்வளவையும் கொடுத்திருந்தாலும் கோழி செத்துக் கொண்டேதான் இருந்திருக்கும். ஏனென்றால் நஞ்சு சோயாவில் இல்லை, சோளத்தில் இருந்தது.

மரபணு மாற்றாத தீனியை விரும்பி வாங்குவது தவறென்று நான் சொல்லவில்லை. ஜேர்மனியில் அவ்வாறான தீனி தின்ற விலங்கின் பாலுக்கும் முட்டைக்கும் தனி இலச்சினை உண்டு. அதற்குக் கூடுதல் விலை கொடுக்கும் பாவனையாளரும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 ஏப்ரல் முதல் தீனி மூட்டையில் 0.9 வீதத்துக்கு மேல் மரபணு மாற்றிய பொருள் இருந்தால் எழுதியாக வேண்டும். உங்கள் முட்டையை அந்தப் பெயரில் கூடுதல் விலைக்கு எடுக்க ஆள் இருந்தால் அது நல்ல வியாபாரம். நோய்க்கு மருந்தாக அதனை வாங்கினால் நட்டம்.

பண்ணையாளர் சகோதரர்கள் இவற்றை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்:

1. கோழி சாகும்போது முதலில் அழைக்க வேண்டியவர் மிருக வைத்தியர், தீனி விற்பவர் அல்ல. இறந்த கோழியைப் புதைக்கும் முன் அறுத்துப் பார்க்கச் செய்யுங்கள்.

2. சோளத்தின் ஈரப்பதன் 13 வீதத்துக்கு மேல் இருந்தால் சேமிக்க வாங்க வேண்டாம். மூட்டைகளைப் பலகைத் தட்டின் மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். முதலில் வந்ததை முதலில் முடியுங்கள்.

3. பூஞ்சணம் பிடித்ததை வெயிலில் காய வைத்தால் ஈரம் போகும், நஞ்சு போகாது.

4. மரபணு மாற்றாதது என்று சொல்லி விற்றால் எந்த நாடு, எந்த ஆய்வுகூடத்தின் சான்றிதழ் என்று எழுத்தில் கேளுங்கள். படம் சான்றிதழ் ஆகாது.

5. தீனியை மாற்றுவதாக இருந்தால் புரதத்தின் அளவைக் கணக்கிட்டு மாற்றுங்கள். 2012இல் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

மச்சானிடம் பாவிக்க முடியாத 35 மூட்டை எஞ்சியிருந்தது. இரண்டரை இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட முதல். செய்தி கேள்விப்பட்டு, அரை விலைக்கு எடுத்துக் கொள்கிறேன், நல்ல சோளத்தில் கலந்தால் தெரியாது என்று ஒருவர் லொறியோடு வந்தார். கடன் தவணை அடுத்த கிழமை. மச்சான் எனக்கு அழைத்தார். நான் பதில் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "வேணாம் மச்சான். இன்னொருத்தன்ட கோழி சாகும்." மூட்டைகள் எரிக்கப்பட்டன. வங்கியில் பேசித் தவணையைத் தள்ளிப் போட்டோம். ஆறு கிழமையில் முட்டை மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தது.

இதற்குப் பின் ஒரு வெள்ளிக்கிழமை அந்த வயதான பண்ணையாளரின் வீட்டுக்குப் போனேன். 2012இல் நான் காட்டிய படத்தின் முழுக் கதையையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தேநீர் வந்தது. பிறகு, "இதையும் அந்தக் கூட்டத்துல வந்த மத்தவங்களுக்கும் சொல்லுங்க தம்பி" என்றார். அதற்காகவே இந்தக் கட்டுரை.